22 மின்முனைகள் எங்கே உட்கார்ந்திருக்கின்றன?

எனக்குக் காக்ளியர் இம்ப்ளான்ட், அதாவது கேட்காத காதுக்குள் ஆபரேஷன் செய்து பொருத்தும் மின்கருவி, வைத்திருக்கிறது என்று தெரிந்ததும் ஊரிலிருந்து போன் பண்ணுகிறவர்கள் இரண்டு கேள்வி கேட்பார்கள். எந்தக் கம்பெனி? எவ்வளவு ஆச்சு? இணையத்தில் கொஞ்சம் மேய்ந்தவர்கள் மூன்றாவதாக ஒன்று சேர்த்துக்கொள்வார்கள்: எத்தனை எலக்ட்ரோடு, அதாவது மின்முனை? ஒரு கம்பெனி 22 வைக்கிறது, இன்னொன்று 16, மற்றொன்று 12. என்னுடையது 22 என்றதும் "அப்போ டாப் மாடல்தான்" என்று அவர்களுக்குத் திருப்தி. அந்த 22-ம் உள்ளே எங்கே போய் உட்கார்ந்திருக்கின்றன என்று இன்றுவரை ஒருத்தரும் கேட்டதில்லை. முதலில் கேட்க வேண்டியதே அதுதான் என்பது என் கட்சி.

என்னைப் பற்றி நாலு வரி. சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். தென் ஆப்பிரிக்காவின் டர்பனில் பள்ளிக்கூடக் கணக்கு வாத்தியார். மனைவி இந்த ஊர்க்காரி, டோங்காட்டில் பிறந்தவள். 1860-லிருந்து கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பலேறி வந்தவர்களின் வம்சம். வீட்டில் இங்கிலீஷ்தான் ஓடும். அவளுடைய பாட்டி மட்டும் தமிழ் பேசுவார். இங்கே பாட்டியை ஆயா என்றுதான் கூப்பிடுகிறார்கள். ஆயாவுக்குத் தமிழில் பேச நான் ஒருத்தன், எனக்கு ஆயா ஒருத்தர். எனக்குக் காது மந்தமானபோது வீட்டில் அதிகமாக நஷ்டப்பட்டவர் அவர்தான் என்று சொல்லலாம்.

காது போனது ஊசியால். சாதாரண மருந்துகளுக்கு அடங்காத ரகக் காசநோய் எனக்கு வந்தது. அப்போதெல்லாம் மாத்திரைகளோடு கனமைசின் ஊசியும் மாதக்கணக்கில் போடுவார்கள். நோய் போயிற்று, போகிற போக்கில் காதையும் கூட்டிக்கொண்டு போயிற்று. தென் ஆப்பிரிக்காவில் இப்படிக் காது இழந்தவர்கள் ஏராளம். 2018-ல்தான் அரசாங்கம் அந்த ஊசியை விட்டுவிட்டு பெடாக்விலின் என்ற மாத்திரைக்கு மாறியது. நான் அதற்கு முந்தைய செட். உயிரா காதா என்றால் எவனும் உயிரைத்தான் கேட்பான், ஆகவே யார் மேலும் வருத்தமில்லை.

கனமைசின் காதை அழிப்பதில் ஒரு வரிசை இருக்கிறது. அந்த வரிசை புரிந்தால் இந்தக் கட்டுரையில் பாதி புரிந்த மாதிரி. உட்காதில் இருக்கும் காக்ளியா, நம் ஊர்ப் பாடப்புத்தகத்தில் நத்தை எலும்பு, இரண்டரைச் சுற்றுக்கு மேல் சுருண்ட குழல். மொத்தம் ஒரு சென்டிமீட்டர் அகலம்கூட இராது. நீட்டி அளந்தால் சுமார் 35 மில்லிமீட்டர், ஆளுக்கு ஆள் சில மில்லிமீட்டர் கூடும், குறையும். அதன் வாசல் பக்கம் கீச்சுக் குரல்களுக்கு, 20,000 ஹெர்ட்ஸ் வரை. உள்ளே போகப் போக ஒலி தடித்துக்கொண்டே வந்து, உச்சியில் 20 ஹெர்ட்ஸ் அளவுக்கு இறங்கிவிடும். ஒவ்வொரு அதிர்வெண்ணுக்கும் அங்கே ஓர் இடம் ஒதுக்கியிருக்கிறது. ஒலி வந்தால் காக்ளியாவின் தரைச்சவ்வு எந்த இடத்தில் அதிகம் ஆடுகிறது என்பதைக் கண்டு சொன்னதற்குத்தான் விஞ்ஞானி பெக்கெசிக்கு 1961-ல் நோபல் பரிசு.

கனமைசின் வாசல் பக்கத்திலிருந்து தின்றுகொண்டு போகும். அதனால் கீச்சு ஒலிகள்தான் முதலில் காணாமல் போகும். எனக்கு அது திரிகோணமிதி வகுப்பில் தெரிந்தது. பின் பெஞ்சிலிருந்து பையன் சொல்வது தீட்டாவா, பீட்டாவா, ஈட்டாவா என்று பிரிக்க முடியவில்லை. உயிரெழுத்தெல்லாம் வந்துவிடும், முன்னால் ஒட்டியிருக்கும் மெய் வராது. கொஞ்ச காலத்தில் வலது காது முக்கால்வாசி அடங்கியது. இடது காதில் அடித்தொண்டைச் சத்தங்கள் மட்டும் இன்றைக்கும் மிச்சம்: லாரி, இடி, தலைமையாசிரியர்.

இம்ப்ளான்ட் செய்வது இதுதான். காக்ளியாவுக்குள் அதிர்வை மின்னாக மாற்றும் மயிர்ச்செல்கள் செத்துவிட்டன. அவற்றுக்குப் பின்னால் உள்ள செவி நரம்பு பெரும்பாலும் உயிரோடு இருக்கும். ஆகவே செல்களைத் தாண்டி நரம்பையே நேராகத் தட்டுவது. காதுக்குப் பின்னால் மாட்டியிருக்கும் கருவி சத்தத்தை அதிர்வெண் வாரியாகப் பிரிக்கிறது. தோலுக்கடியில் இருக்கும் பாகம் அதை வாங்கி, காக்ளியாவுக்குள் நுழைத்திருக்கும் மெல்லிய சிலிக்கோன் இழையிலுள்ள மின்முனைகளுக்குப் பங்கிட்டுக் கொடுக்கிறது. உள்வரிசை மயிர்ச்செல்கள் சுமார் 3,500 பார்த்த வேலையை 22 முனைகள் பார்க்க வேண்டும். உள்ளே இருப்பதோ உப்புத் திரவம், மின்சாரம் தாராளமாகப் பரவும். ஒரு முனை தட்டினால் பக்கத்து முனையின் நரம்பும் சிலிர்க்கும். அதனால்தான் எண்ணிக்கையைக் கேட்டுப் பெரிய பிரயோஜனம் இல்லை. அமைதியான அறையில் பேச்சைப் புரிந்துகொள்ள நாலே அதிர்வெண் பட்டை போதும் என்று 1995-லேயே ஆய்வாளர் ராபர்ட் ஷானனும் சகாக்களும் காட்டிவிட்டார்கள். முனைகளை எட்டு ஒன்பதுக்கு மேல் கூட்டினாலும் பெரும்பாலானவர்களுக்குப் பலன் கூடுவதில்லை என்று அதற்குப் பிறகு வந்த ஆய்வுகள் சொல்லின. முனை எத்தனை என்பதைவிட, எது எந்த நரம்புக்குப் பக்கத்தில் இருக்கிறது என்பதுதான் விஷயம்.

இந்தக் கருவியின் கதையே "எப்படி உள்ளே கொண்டுபோவது" என்பதில்தான் நின்றுகொண்டிருந்தது. ஆஸ்திரேலியாவின் காது டாக்டர் கிரேம் கிளார்க்குக்கு மின்னணுவியல் பக்கம் ஓரளவு கைகூடிவிட்டது. ஆனால் இழையைத் தள்ளினால் சுருளுக்குள் கொஞ்ச தூரத்துக்கு மேல் போகவில்லை. 1977-ல் குடும்பத்தோடு மின்னமுரா கடற்கரைக்குப் போயிருந்தபோது ஒரு சுருள் சிப்பியை எடுத்து, புல்லின் தாளை அதற்குள் நுழைத்துப் பார்த்திருக்கிறார். அடிப்பக்கம் விறைப்பாகவும் நுனி துவண்டும் இருந்த தாள் வளைந்து வளைந்து உள்ளே போய்விட்டது. இழையையும் அப்படியே, அடி விறைப்பாக, நுனி துவளச் செய்தார்கள். 1978 ஆகஸ்டில் மெல்போர்னில் முதல் ஆபரேஷன். தென் ஆப்பிரிக்காவுக்கு இது 1986-ல் கேப் டவுனின் டைகர்பெர்க் மருத்துவமனை வழியாக வந்தது. புல்லை வைத்து விளையாடினார் என்று இதைக் குழந்தைகள் பத்திரிகையில் போடுவார்கள். எனக்கு அதில் பிடித்தது வேறு: அவ்வளவு பெரிய மூளைக்காரர் மாட்டிக்கொண்டது சுற்றுக்குள் எவ்வளவு தூரம் தள்ளுவது என்ற பிளம்பர் பிரச்சினையில்.

அந்தப் பிரச்சினை இன்னும் முழுசாகத் தீரவில்லை.

காக்ளியாவின் குழல் உள்ளே மூன்றாகப் பிரிந்திருக்கிறது. மேலே ஒன்று, கீழே ஒன்று, இடையில் மயிர்ச்செல்கள் உள்ள சின்னது. சர்ஜன் நுழைய வேண்டியது கீழ் அறை, ஸ்காலா டிம்பனி. வட்டச் சாளரம் என்ற சின்னச் சவ்வு வழியாகவோ, அதன் பக்கத்தில் எலும்பைத் துளைத்தோ இழையை விடுவார். நுழைந்தபின் எதையும் கண்ணால் பார்க்க முடியாது, விரல் நுனியின் உணர்வுதான். கொஞ்சம் மேல்நோக்கிச் சாய்ந்தால் இழை தரைச்சவ்வைக் கிழித்துக்கொண்டு மேல் அறைக்குத் தாவிவிடும். அப்படித் தாவியவர்களுக்குச் சொற்களை அடையாளம் காணும் மதிப்பெண் சராசரியாகக் குறைவாக இருக்கிறது என்று பல ஆய்வுகள் ஒரே மாதிரி சொல்கின்றன. காரணம் யோசித்தால் தெரியும். முனை நரம்பிலிருந்து விலகிப்போகிறது, மிச்சம் மீதியிருந்த செல்கள் கிழிபடுகின்றன, போன வழியில் தழும்பு கட்டிக்கொள்கிறது. இதையெல்லாம் தவிர்க்கத்தான் ஜெர்மனியின் லேன்ஹார்ட் 1993 வாக்கில் மென்மையான அறுவை முறையை எழுதி வைத்தார். துளை சின்னதாக இருக்கட்டும், உள்ளே ரத்தமும் எலும்புத்தூளும் விழ வேண்டாம், இழையை அவசரமில்லாமல் தள்ளுங்கள். இப்போது சில இடங்களில் மனிதக் கையைவிட மெதுவாகத் தள்ள ரோபோவே வந்துவிட்டது.

இழையிலும் இரண்டு ஜாதி. ஒன்று முன்கூட்டியே சுருண்டது. உள்ளே போனதும் காக்ளியாவின் நடுத்தண்டைக் கட்டிக்கொண்டு உட்காரும். நரம்பின் செல்கள் நடுத்தண்டில்தான் இருக்கின்றன என்பதால் மின்சாரம் குறைவாகப் போதும், பரவலும் குறையும். ஆனால் மேல் அறைக்குத் தாவுவதும், நுனி மடங்கி உள்ளேயே திரும்பிப் படுத்துக்கொள்வதும் இந்த ஜாதியில் அதிகம். மடங்கினால் வேடிக்கை பாருங்கள்: வரிசையில் அடுத்த முனை இன்னும் தடித்த ஒலி தர வேண்டியது, திடீரென்று கீச்சென்று ஏறும். இன்னொரு ஜாதி நேரானது, வெளிச்சுவரை ஒட்டியே போகும். நரம்புக்குத் தூரம், ஆனால் சாது. நீளமானதாகவும் வைக்கலாம், ஒரு கம்பெனியில் 31.5 மி.மீ. நீளமுள்ளதும் உண்டு. எது உசத்தி என்று கம்பெனிக்காரர்கள் அடித்துக்கொள்கிறார்கள். என் அபிப்பிராயம் கேட்டால், கட்டிக்கொள்வதும் ஆழமாகப் போவதும் அப்புறம். கீழ் அறையில் நுழைந்தது கடைசிவரை கீழ் அறையிலேயே இருக்கிறதா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

ஆபரேஷன் முடிந்து ஸ்விட்ச் ஆன் பண்ணி, முதல் சில மேப்பிங் (எந்த முனைக்கு எவ்வளவு மின்சாரம், எந்த அதிர்வெண் என்று கருவியைச் சரிசெய்வது) எல்லாம் ஆன பிறகு நான் என் சி.டி. ஸ்கேன் படத்தைக் கேட்டேன். இங்கே அதைக் கேட்கிற பழக்கம் பரவலாக இல்லை. சர்ஜன் மறுக்கவில்லை, ஒரு வாத்தியாருக்கு எதற்கு இது என்ற பார்வையோடு ஒரு டிஸ்க்கில் போட்டுக் கொடுத்தார். அதை எடுத்துக்கொண்டு, காதைச் சோதித்துக் கருவியைச் சரிசெய்யும் ஆடியாலஜிஸ்டிடம் போனேன். சின்னப் பெண். ஜூலு, இங்கிலீஷ் இரண்டிலும் வெளுத்துக்கட்டுவாள், என்னோடு பேசும்போது மட்டும் உதட்டைப் பெரிதாக அசைப்பாள். கணினியில் படத்தைத் திறந்ததும் இருட்டுக்குள் வெள்ளைப் புள்ளிகள் வளைவாக வரிசை கட்டி நின்றன. பேனா நுனியை வைத்து ஒவ்வொன்றாக எண்ணினோம். என் கருவியில் எண் 1 வாசலில், 22 உள்ளே. (வேறு கம்பெனிகளில் உள்ளே இருப்பதுதான் 1. வேறு கருவிக்காரரோடு எண் வைத்துப் பேசினால் சண்டை வரும்.) 22-வது முனை ஒரு முழுச் சுற்று முடித்து இன்னும் நாற்பது டிகிரி போல உள்ளே போயிருந்தது. தாவல் இல்லை, மடிப்பும் இல்லை. 1-வது மட்டும் சாளரத்திலேயே நின்றுவிட்டது, பாதி உள்ளே, பாதி வெளியே.

அவளுக்குச் சட்டென்று ஒன்று விளங்கியது. ஒவ்வொரு மேப்பிங்கிலும் 1-வது முனைக்கு மின்சாரத்தை ஏற்றும்போதெல்லாம் எனக்குச் சத்தமே வராது. இன்னும் ஏற்றினால் காதுக்குப் பின்னால் ஊசி குத்தும். நான் கையைத் தூக்குவேன், அவள் குறைப்பாள், இப்படியே போய்க்கொண்டிருந்தது. அன்றைக்குப் படத்தைப் பார்த்துவிட்டு அந்த முனையை அணைத்துவிட்டாள். அதற்குரிய அதிர்வெண்களை மற்ற முனைகளுக்குப் பங்கிட்டாள். 22 போய் 21 ஆயிற்று, எனக்கோ ஸ், ஷ் இரண்டும் முன்பைவிடத் தெளிவாகப் பிரிந்தன. எண்ணிக்கை பற்றி நான் அலட்சியமாகப் பேசுவது இந்த அனுபவத்தால்தான். சர்ஜனின் தவறா என்று மனைவி கேட்டாள். என் காக்ளியா சராசரியைவிடப் பெரிதாம், அதே நீளமுள்ள இழை பெரிய சுருளில் அவ்வளவுதான் போகும். பிறக்கும்போதே காக்ளியா முழு வளர்ச்சியோடு வந்துவிடுகிறது. திருநெல்வேலியில் தொட்டிலில் கிடந்தபோதே இந்த விஷயம் முடிவாகிவிட்டது.

இனி ஆழத்தின் விவகாரம். எனக்கு இதுதான் கதையின் மையம்.

காக்ளியாவில் ஒரு சுற்று முடியும் இடம் ஏறக்குறைய 1000 ஹெர்ட்ஸுக்கு உரியது. என் கடைசி முனை அதைக் கொஞ்சம் தாண்டி, 800 ஹெர்ட்ஸ் பக்கம் நிற்கிறது. ஆனால் கருவி அந்த முனைக்கு அனுப்புவது 200 ஹெர்ட்ஸ் சுற்றுவட்டாரத்து ஒலியை. பேச்சில் உள்ள தடித்த பகுதியை வேறு யாரிடம் கொடுப்பது? கடைசி ஆள் இவன்தான். அதனால் ஒரு குரலின் அடிப்பகுதி இரண்டு ஸ்தாயி மேலே போய் ஒலிக்கிறது. ஆர்மோனியத்தில் யாரோ ராத்திரியில் வந்து ரீடுகளைக் கழற்றி மாற்றிச் செருகிவிட்டு, கட்டைகளை மட்டும் அப்படியே விட்டுப்போன மாதிரி. கட்டை சரியாகத்தான் அமுக்குகிறீர்கள், வருவது வேறு. ஸ்விட்ச் ஆன் அன்றைக்கு எல்லோரும் கார்ட்டூன் எலி மாதிரிப் பேசினார்கள் என்று இம்ப்ளான்ட்காரர்கள் சொல்வது இதைத்தான்.

மூளை இதற்குப் பழகுகிறது. அது உண்மை, பெரிய உண்மை. சில மாதங்களில் எலி மனிதனாகிறது. இன்னொரு காதில் கேட்கும் திறன் மிச்சமுள்ளவர்களை வைத்துச் சோதித்ததில், ஒரே முனையின் ஸ்ருதி மாதங்கள் போகப் போக, கருவி அதற்கு ஒதுக்கிய அதிர்வெண்ணை நோக்கி இறங்கி வருவதைப் பார்த்திருக்கிறார்கள். ஆனால் எல்லோருக்கும் அப்படி இல்லை, சிலருக்குப் பாதியில் நின்றுவிடுகிறது. எனக்கு இடது காதில் ஹியரிங் எய்ட், வலதில் இம்ப்ளான்ட். ஆயா பேசினால் இடப்பக்கம் தொண்டை கட்டிய கிழவி, வலப்பக்கம் யாரோ ஒரு பள்ளிக்கூடப் பெண். இரண்டு பேரும் ஒரே வாக்கியத்தை ஒரே சமயத்தில் சொல்வார்கள். "தம்பி, சாப்ட்டியா?" என்பதற்கு யாருக்குப் பதில் சொல்வது என்று ஒரு கணம் திகைப்பேன்.

படம் கையில் இருந்தால் இதற்கும் ஒரு வழி உண்டு. ஒவ்வொரு முனையும் நிற்கும் இடத்துக்குரிய அதிர்வெண்ணைக் கணக்கிட்டு, கருவியின் பங்கீட்டை அதற்கு நெருக்கமாக நகர்த்துவது. இதற்கென்று மென்பொருள்களே வந்துவிட்டன. முழுக்க நகர்த்தினால் என் விஷயத்தில் 800-க்குக் கீழே உள்ளதெல்லாம் அநாதை ஆகிவிடும். ஆகவே நடுப்பகுதியை, 1000-லிருந்து 3000 வரை, இடத்துக்கு இடம் பொருத்திவிட்டு, அடிப்பகுதியைக் கடைசி இரண்டு மூன்று முனைகளுக்குள் நெருக்கிப் போட்டோம். ஆய்வுகளில் இதன் பலன் ஆளுக்கு ஆள் மாறுகிறது, நான் விளம்பரம் செய்ய வரவில்லை. எனக்கு முதல் வாரம் மோசம், எல்லோரும் வாயில் எதையோ அடக்கிக்கொண்டு பேசினார்கள். பிறகு வலப்பக்கத்துப் பள்ளிக்கூடப் பெண்ணுக்குக் கல்யாணமாகி, பிள்ளை பெற்று, இப்போது ஐம்பது வயதுக்கு வந்திருக்கிறாள். ஆயாவின் வயதுக்கு இன்னும் வரவில்லை.

நடுப்பகுதியைப் பொருத்தும்படி நான் வற்புறுத்தியதற்குக் காரணம் தமிழ். ஆடியாலஜிஸ்ட் என்னைச் சோதிப்பது இங்கிலீஷ் சொற்களில். நாள்தோறும் செய்கிற ஆறு ஒலிச் சோதனை ஒன்று உண்டு, டேனியல் லிங் வகுத்தது: ஆ, ஈ, ஊ, ம், ஷ், ஸ். இது எந்த மொழிக்காரனுக்கும் பொருந்தும். ஆனால் தமிழ்க் காதுக்கு அது போதாது. வீட்டில் நானே ஒரு பட்டியல் போட்டேன். மனைவி வாய்க்கு முன்னால் தாளைப் பிடித்துக்கொண்டு வாசிப்பாள், உதட்டைப் பார்த்துத் திருடக் கூடாது என்று. படம், பட்டம். பல், பால். குடி, கூடி. இதெல்லாம் முதல் வாரத்திலிருந்தே தடையில்லை. குறில் நெடில், ஒற்று இரட்டிப்பது எல்லாம் கால அளவு. எந்த முனை எங்கே நின்றாலும் கால அளவு கெடாமல் வந்து சேரும். இந்த வகையில் தமிழ் இம்ப்ளான்ட்காரனுக்கு அனுகூலமான மொழி என்பேன்.

மாட்டிக்கொள்வது வலி, வழி. கொல், கொள். மனம், மணம். நாக்கை மடிப்பதால் வரும் வித்தியாசம் இரண்டாயிரம் ஹெர்ட்ஸ் சுற்றுவட்டாரத்தில், ஒலித்திரள்கள் (ஒலியின் பலம் குவியும் அதிர்வெண்கள்) எவ்வளவு நெருங்குகின்றன, விலகுகின்றன என்பதில் இருக்கிறது. ழகரத்தில் மூன்றாம் திரள் கீழே இறங்கி இரண்டாவதன் பக்கம் வரும். அந்த நெருக்கத்தைக் காட்ட அந்தப் பிரதேசத்தில் முனைகள் தனித்தனியாகப் பேச வேண்டும். ஒன்றின் மின்சாரம் இன்னொன்றில் வழிந்தால் ல, ள, ழ எல்லாம் ஒரே குழம்பு. மேப்பிங் மாற்றியபின் வழியும் வலியும் பிரிந்துவிட்டன. மனமும் மணமும் இன்றைக்கும் சந்தர்ப்பத்தை வைத்து ஊகிப்பதுதான். ஆயாவிடம் இந்தச் சோதனை செல்லாது. ஆயா பழத்தையே "பளம்" என்றுதான் சொல்வார், வாழைக்கு "வாளை". அந்த மட்டில் எனக்குச் சௌகரியம்.

சங்கீதம் வேறு கணக்கு. கேட்டோ மேனரில் உம்பிலோ ஸ்ரீ அம்பலவாணர் ஆலயத்தில் தைப்பூசக் காவடிக்குப் போனால் தவில் எனக்கு முழுசாக வருகிறது, சொல்லுக்குச் சொல். தாளம் காலம்தானே. நாயனம் வருவதில்லை. அதாவது சத்தம் வருகிறது, அது நாயனம் என்றும் தெரிகிறது, எந்த ஸ்வரத்திலிருந்து எந்த ஸ்வரத்துக்குப் போனது என்று தெரிவதில்லை. ஒரு ஸ்வரத்துக்கும் அடுத்ததற்கும் உள்ள தூரம் காக்ளியாவில் மில்லிமீட்டருக்கும் குறைவு, அதற்குள் என் முனைகள் ஒன்றுக்கு ஒன்று சாயம் ஏற்றிக்கொள்கின்றன. கமகம் என்று ஒன்று இருப்பது இப்போது ஞாபகத்தில்தான். பழைய பாட்டென்றால் ஞாபகமே ஸ்வரம் போட்டுக்கொள்ளும், புதுப் பாட்டைக் கேட்பதை விட்டுவிட்டேன். இன்னும் ஆழமாகப் போன இழையாக இருந்தால் அடித்தொண்டை ஸ்ருதியாவது கொஞ்சம் மேம்பட்டிருக்கலாம். நரம்புச் செல்களும் உச்சிவரை போவதில்லை, இரண்டாம் சுற்றுக்குள் அவற்றின் வரிசை முடிந்துவிடுகிறது, ஆகவே ஆழத்துக்கும் ஓர் எல்லை.

இவ்வளவு சொன்னதால் எல்லாமே இழை உட்காரும் இடம்தான் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். எத்தனை வருஷம் காது கேளாமல் கிடந்தது, குழந்தையென்றால் எந்த வயதில் வைத்தது, நரம்பு எவ்வளவு மிஞ்சியிருக்கிறது, பிறகு எவ்வளவு பயிற்சி, இவையெல்லாம் சேர்ந்துதான் முடிவு செய்கின்றன. அருமையாக உட்கார்ந்த இழையோடு சொல் புரியாமல் இருப்பவர்களும் உண்டு, கோணலாக உட்கார்ந்ததை வைத்துக்கொண்டு போனில் வியாபாரம் பேசுகிறவர்களும் உண்டு. தமிழ்நாட்டில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் இதைச் செய்கிறார்கள். அந்த வயது வரம்பு இருப்பது மூளைக்காக. இங்கே மெடிக்கல் எய்ட் என்ற தனியார் மருத்துவக் காப்பீடு எவ்வளவு தரும் என்று பார்த்துப் பார்த்தே பலருக்கு வருஷங்கள் கழிகின்றன. அந்தக் கழிவும் கேட்கும் திறனில்தான் போய்ச் சேரும்.

காத்திருக்கவே கூடாத ஒரு கூட்டம் உண்டு. மூளைக்காய்ச்சலில் காது போன குழந்தைகள். அந்தக் காய்ச்சலுக்குப் பின் காக்ளியாவுக்குள் எலும்பு வளர ஆரம்பித்துவிடும், சிலருக்குச் சில வாரங்களிலேயே. வளர்ந்துவிட்டால் இழை போக வழியே இருக்காது, பாதி தூரத்தோடு நின்றுவிடும். அதனால் அந்தப் பிள்ளைகளை வரிசையில் முன்னால் தள்ளுகிறார்கள். ஆஸ்பத்திரி வராண்டாவில் எனக்கு முன்னால் அப்படி ஒரு குழந்தையைக் கூப்பிட்டார்கள், கூட இருந்த ஒரு பெரியவர் முணுமுணுத்தார். காரணம் தெரிந்தால் முணுமுணுக்க மாட்டார்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், வாட்ஸ்அப்பில் மாசத்துக்கு ஒரு தரம் வருவதால். 2019-ல் பிரிட்டோரியாவில் பேராசிரியர் மஷூடு ஷிஃபுலாரோ 3டி அச்சில் செய்த எலும்புகளைக் காதில் பொருத்தினார் என்பது நிஜச் செய்தி. அது நடுக்காதின் மூன்று சின்ன எலும்புகள். சத்தத்தை உள்ளே கடத்தும் பாதையைச் சரி செய்வது. என் போன்றவர்களுக்குப் பாதை சரியாகவே இருக்கிறது, பாதை போய்ச் சேரும் வீடுதான் காலி. தயவுசெய்து அதை எனக்கு மறுபடி அனுப்பாதீர்கள்.

இப்போது பேச்சு இடது காதைப் பற்றி. அதிலும் கீச்சுப் பகுதி போய்விட்டது, 500 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஓரளவு மிச்சம். சர்ஜன் இரண்டு வழி சொல்கிறார். ஒன்று, குட்டையான இழை. வாசல் பக்கத்து அரைப் பகுதியை மட்டும் மின்சாரம் பார்த்துக்கொள்ளும், உள்பகுதியில் மிஞ்சியதை ஹியரிங் எய்ட் போல ஒலியாலேயே ஊட்டுவது. ஒரே காதில் இரண்டும், 1999-லிருந்து செய்து பார்த்த முறை. நாயனத்தில் கொஞ்சமாவது தப்பிப் பிழைக்கும். ஆனால் மிச்சமுள்ள கேட்கும் திறன் ஆபரேஷனில் போய்விடலாம், பிழைத்தாலும் சில வருஷத்தில் தானாகத் தேயலாம். தேய்ந்தால் குட்டை இழையோடு நான் நடுவழியில் நிற்பேன். இன்னொன்று, எடுத்த எடுப்பிலேயே நீள இழை, ஒன்றரைச் சுற்றுக்கு மேல். மிச்சத்தைப் பணயம் வைப்பது, ஆனால் அடிக்குரல் அதன் சொந்த இடத்துக்குப் பக்கத்தில் போய்ச் சேரும்.

மனைவி நீளத்துக்குக் கட்சி. கரன்ட் போகிற நாட்களை அவள் மறக்கவில்லை. 2023-ல் மின்வெட்டு உச்சத்தில் இருந்தபோது பேட்டரி சார்ஜ் இல்லாமல் எத்தனையோ சாயங்காலம் நான் இடது காதை மட்டும் நம்பி உட்கார்ந்திருந்தேன், அந்தக் காதிலும் கத்தி வைத்தால் என்ன ஆவது என்று நான் கேட்டால், "அதுக்குத்தான் டிஸ்போசபிள் பேட்டரி வாங்கி வெச்சிருக்கேனே" என்கிறாள். ஆயாவிடம் கேட்டேன். "என்ன வெச்சாலும் ஒளுங்கா உள்ள வெக்கச் சொல்லு தம்பி, பாதி வெளிய விட்டுட்டு வரப்போறாங்க" என்றார். 1-வது முனைக் கதையை யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள்.

அடுத்த சந்திப்புக்கு முன் இடது காக்ளியாவையும் சி.டி.யில் அளந்து தரும்படி எழுதிக் கேட்டிருக்கிறேன். வலதைப் போலவே அதுவும் பெரிதென்றால் எந்த நீள இழை எத்தனை டிகிரி போகும் என்று முன்கூட்டியே கணக்குப் போட முடியும். கணக்கு வாத்தியாரிடம் விட்டால் அதை இரண்டு தரம் சரிபார்ப்பேன்.